காற்றுத் துப்பாக்கியை ஒழித்தது நெப்போலியனா, தோல் வாஷரா?

3 ஜூன், மாலை 6.15 – கேள்வி

நெப்போலியன் காலத்து ஆஸ்திரியப் படையிடம் 20 குண்டு அடுத்தடுத்துச் சுடும் காற்றுத் துப்பாக்கி இருந்ததாம். சத்தமும் இல்லையாம், புகையும் இல்லையாம். மிரண்டுபோன நெப்போலியன், அந்தத் துப்பாக்கியோடு பிடிபட்டவனைத் தூக்கில் போடச் சொன்னானாம். அதோடு அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்ததாம். ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா, ரீலா?

3 ஜூன், இரவு 9.40

துப்பாக்கி நிஜம், சத்தமில்லை என்பது பாதி நிஜம். தூக்கு விஷயத்தில், அந்த வீடியோக்காரர் ஆணையின் தேதியைச் சொன்னாரா என்று முதலில் பாருங்கள்.

செய்தவர் பார்த்தலோமியோ ஜிரார்டோனி. ஜிரான்டோனி என்றும் எழுதுகிறார்கள். 1779 வாக்கில் இவர் வடிவமைத்ததை ஆஸ்திரியப் படை 1780-இல் எடுத்துக்கொண்டது. படைக் கணக்கில் ஏறத்தாழ 1815 வரை இருந்தது. ஆக, நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற ஆண்டு வரைக்கும் அது பேரளவிலாவது உயிரோடுதான் இருந்திருக்கிறது. அவன் பயந்து ஒழித்துவிட்டான் என்பதற்கு இதுவே இடிக்கிறது.

நீளம் 4 அடி, எடை நாலரை கிலோ. எடை அன்றைய சாதா மஸ்கெட் (சிப்பாய்களின் வெடிமருந்துத் துப்பாக்கி) அளவுக்குத்தான் வரும். குண்டு பெல்லட் அல்ல, 11 முதல் 13 மில்லிமீட்டர் ஈய உருண்டை. ஏர்கன் என்றாலே நமக்குக் குருவி சுடுவதும் கடற்கரை பலூன் கடையும்தான் ஞாபகம் வரும். இது ஆளைக் கொல்லச் செய்தது.

3 ஜூன், இரவு 11.50

சத்தம் பற்றி. கொஞ்சம் காற்று திடீரென்று வெளியேறினால் 'டப்' என்று கேட்கத்தான் செய்யும். பலமாகக் கைதட்டுகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் சாட்டை சொடுக்கினாற்போன்ற வெடிப்பு கிடையாது. வெடிமருந்துத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமில்லை. நடுராத்திரி பக்கத்து அறையில் சுட்டால் நீங்கள் நிச்சயம் எழுந்து உட்காருவீர்கள்.

சிப்பாய்க்குப் பெரிய லாபம் புகை இல்லாததுதான். கறுப்பு வெடிமருந்து ஒரு தடவை வெடித்தாலே வெள்ளை மேகம் கிளம்பும், சுட்டவன் நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். இதில் அது இல்லை. மழையில் மருந்து நனையுமே என்ற கவலையும் இல்லை.

5 ஜூன்

20 குண்டு எப்படி அடுத்தடுத்து ஏறும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான். லேத் பட்டறைக்காரன் கண்ணில் பார்த்தால் அவ்வளவு எளிமை.

குழலை ஒட்டி, வலது பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய். அதற்குள் உருண்டைகள் வரிசையாகக் கிடக்கும். குழலின் பின்புறம் குறுக்கே நகரும் ஓர் இரும்புக் கட்டை, அதில் ஒரு குண்டு உட்காரும் அளவுக்குக் குழி. துப்பாக்கியின் மூக்கை மேலே தூக்கி, அந்தக் கட்டையை விரலால் ஒரு தள்ளு. குண்டு தானாக உருண்டு குழிக்குள் விழும். விரலை எடுத்தால் பக்கவாட்டுத் தகட்டு ஸ்பிரிங் கட்டையைத் திருப்பித் தள்ளி, குண்டைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். குண்டை ஏற்றித் தர மேகசின் ஸ்பிரிங் எதுவும் இல்லை, அந்த வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் குதிரையை (சுத்தி போன்ற பாகத்தை) இழுத்து விசையை அழுத்தினால், ஓர் ஊசி பின்னால் போய் வால்வைக் கண நேரம் தட்டித் திறக்கும். நாம் தோளில் வைக்கிற பின்கட்டைதான் காற்றுக் கலன். இரும்புத் தகட்டைக் கூம்பாக வளைத்து, ரிவிட் அடித்து, பித்தளைப் பற்று வைத்து மூடி, மேலே தோல் போர்த்தியிருப்பார்கள். காலியானால் மரையைக் கழற்றி அடுத்ததை மாட்டலாம். ஓர் ஆளுக்கு 3 கலன்.

படுத்துக்கொண்டே குண்டு ஏற்றிச் சுடலாம் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. மஸ்கெட்காரன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, மருந்தும் குண்டும் கொட்டி, கம்பியால் இடித்தாக வேண்டும்.

6 ஜூன்

இப்போது கசப்பான பகுதி. ஒரு கலனை நிரப்பக் கைப்பம்பால் ஏறத்தாழ 1500 அடி அடிக்க வேண்டும். 'இவ்வளவா? பம்பு சரியில்லையோ?' என்று கேட்டவருக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிரம்பிய கலனில் அழுத்தம் ஏறத்தாழ 800 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). லாரி டயரைப் போல 7 மடங்கு. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 56 கிலோ. சைக்கிள் பம்பைப் போல அகலமான குழாய் வைத்தால் கடைசி அடியைத் தள்ளவே முடியாது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் இருந்தாலே 176 கிலோ எடையுள்ள ஆள் ஏறி உட்கார வேண்டியிருக்கும். விட்டத்தை 12.5 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் 69 கிலோ போதும். சிப்பாயின் உடம்பு எடை அவ்வளவுதான்! ஆக, பம்பின் அகலத்தைத் தீர்மானித்தது பட்டறை அல்ல, தள்ளுகிறவன் எடை.

பம்பு ஒல்லியானால் ஓர் அடிக்குப் போகும் காற்றும் குறையும். பிஸ்டன் 30 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் அடிக்கு 37 கன சென்டிமீட்டர். கலன் ஒரு லிட்டர் பிடித்தால் 55 லிட்டர் காற்று வேண்டும். வகுத்துப் பாருங்கள், 1500-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 30 சென்டிமீட்டரும் ஒரு லிட்டரும் நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு எந்தத் திசையில் போகிறது என்று தெரிகிறதல்லவா?

இதில் இன்னொரு வஞ்சனை. வேகமாக அடித்தால் காற்று சூடாகும். நிரம்பிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், சூடு ஆறி அழுத்தம் இறங்கியிருக்கும். மறுபடி அடி.

6 ஜூன், சற்றுப் பிறகு

'1500 அடி அடித்தவனுக்குத் துப்பாக்கியைத் தூக்கக் கை வருமா?' அதற்காகத்தான் வண்டியில் ஏற்றிய பெரிய பம்புகளையும் வைத்துக்கொண்டார்கள். படை நகர்ந்தால் பம்பு வண்டியும் கூடவே நகர வேண்டும்.

7 ஜூன்

ஒரு கலனுக்கு ஏறத்தாழ 30 குண்டு சுடலாம் என்பார்கள். அந்த 30-ம் ஒரே மாதிரி போகாது. ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் இறங்கும், குண்டின் வேகமும் இறங்கும். முதல் குண்டுக்குப் பார்த்த குறியையே 25-ஆவது குண்டுக்கும் பார்த்தால் அது கீழே போய் விழும். எத்தனை சுட்டோம் என்று மனத்தில் எண்ணிக்கொண்டே, அதற்கேற்பக் குறியை உயர்த்த வேண்டும். சண்டைக்கு நடுவே!

இதோடு வாஷர், அதாவது காற்று கசியாமல் இடுக்கை அடைக்கும் வளையம். அன்றைக்கு ரப்பர் வளையம் கிடையாது. இன்று நாம் மாட்டும் ஓ-ரிங் எல்லாம் 1930-களில் வந்தது. ஜிரார்டோனியிடம் இருந்தது தோல்தான். அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று கசியும். நிரப்பி வைத்த கலன் காலையில் காலி. பழைய அடிபம்பில் தோல் வாஷர் காய்ந்துபோய், மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அடித்தவர்களுக்கு இது புரியும்.

என் கட்சி இதுதான்: தோற்கடித்தது நெப்போலியன் இல்லை, வாஷர்.

10 ஜூன்

'ஜிரார்டோனிதான் முதல் ஆளா?' இல்லவே இல்லை. அவருக்கு முன்னால் 200 வருஷக் கதை இருக்கிறது.

இன்று கையில் இருப்பவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது ஸ்டாக்ஹோம் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. 1580 வாக்கில் செய்தது. பின்கட்டைக்குள் ஒரு துருத்தி. ஸ்பிரிங்கை முறுக்கி வைத்து விசையைத் தட்டினால் துருத்தி சட்டென்று மூடி, காற்று சிறு அம்பைத் தள்ளும். இந்தத் துருத்தி வகை ஜெர்மன் நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. மாளிகைக் கூடத்துக்குள் பலகையில் அம்பு சுட்டு விளையாடுவார்கள். புகை இல்லை, திரைச்சீலை கெடாது.

அடுத்தவர் பிரான்ஸில் லிசியே ஊர்க்காரர் மரேன் லெ பூர்ஷ்வா. நான்காம் ஹென்றி மன்னருக்காகக் காற்றை அடைத்துச் சுடும் துப்பாக்கி செய்தார். 1608-லேயே அதன் விவரம் அச்சில் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் பிரெஞ்சு வகைத் துப்பாக்கி விசைக்கும் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த விசைதான் அடுத்த 200 வருஷத்துக்கு ஐரோப்பியப் போர்க்களங்களை ஆண்டது. காற்றுத் துப்பாக்கி செய்த அதே ஆளே அதற்குப் போட்டியையும் செய்து கொடுத்துவிட்டார்!

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் செம்பு உருண்டைக் கலன். குழலுக்கு அடியில் தேங்காய் தொங்குகிற மாதிரி இருக்கும். பார்க்க லட்சணமில்லை. ஆனால் அழுத்தத்தைத் தாங்க உருண்டையை விட நல்ல வடிவம் இல்லை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

11 ஜூன்

ஊதுகுழலைச் சேர்க்கவில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சேர்க்கலாம். காற்றால் எய்வதில் மூத்தது அதுதான், தென்னிந்தியாவிலும் இருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இங்கிருந்த ஊதுகுழல்களையும் வளரியையும் (எறிந்து தாக்கும் வளைந்த கட்டை) சேர்த்து 1924-இல் எழுதியிருக்கிறார். ஆனால் நுரையீரலுக்கு வால்வும் வேண்டாம், வாஷரும் வேண்டாம். என் பேச்சு வாஷரைப் பற்றி.

17 ஜூன்

கைத்தடித் துப்பாக்கிக்கு வருகிறேன். கேள்வியில் இல்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். குடை ஸ்டாண்டில் மற்ற தடிகளோடு நின்றது. கறுப்பு பெயின்ட், கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்து பித்தளை மின்னியது. தூக்கியதும் சந்தேகம் வந்துவிட்டது, மரத்தடிக்கு அந்தக் கனம் வராது. நடுவில் மெல்லிசாக ஒரு கோடு. எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துத் திருகியதும் இரண்டாகக் கழன்றது. மரை அவ்வளவு நயம்! இன்று என் லேத்தில் போட்டாலும் அதைவிட நன்றாக வருமா என்பது சந்தேகம்.

மேல் பாதி முழுக்கக் காற்றுக் கலன், வாயில் வால்வு. வால்வின் முனை கொம்பில் கடைந்தது. கீழ்ப் பாதி குழலும் விசையும். பக்கத்தில் சின்னச் சதுர முளை. அதில் சாவியை மாட்டி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போலத் திருகினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும். விசை ஒரு பொத்தான், விரல் நுனி அளவு. சாவி தொலைந்துபோயிருந்தது. நிறைய தடிகளில் குழலுக்குள் இன்னொரு குழல் இருக்கும்: சுருள் பள்ளம் போட்ட உள்குழலில் ஒற்றைக் குண்டு, அதை உருவி எடுத்துவிட்டால் வழவழப்பான வெளிக்குழலில் சிறு ஈய ரவைகள்.

வீட்டுக்காரருக்கு ஒரே ஆசை: காற்றடித்து ஒரு பலூனையாவது சுட்டுக் காட்ட வேண்டும். முடியாது என்றேன். உள்ளே எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது. தண்ணீர் நிரப்பிச் சோதித்தாலும் நாளை நம்பிக் கையில் பிடிக்க நான் தயாரில்லை. சுடும்போது அந்தக் கலன் இருக்கும் இடம் நம் கன்னத்துக்குப் பக்கம். மனிதருக்கு வருத்தம்தான், அடுத்த டீ கொஞ்சம் தாமதமாக வந்தது.

18 ஜூன்

கைத்தடி வகை பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு, லண்டனும் பர்மிங்ஹாமும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நல்ல ஓட்டம். லண்டன் நியூ ஆக்ஸ்போர்டு தெரு ரெய்லி, பர்மிங்ஹாம் டவுன்சென்ட் என்று கடைப் பெயர்கள் வரும். மகோகனிப் பெட்டிக்குள் தடி, பம்பு, சாவி, குண்டு வார்ப்பு அச்சு, இடிகம்பி என்று எல்லாம் சேர்த்து விற்றார்கள்.

இதைத் திருட்டு வேட்டைக்காரனின் ஆயுதம் என்று எழுதுவது வழக்கம். ராத்திரி முயல் திருடுகிறவனுக்கு மகோகனிப் பெட்டி வாங்க ஏது காசு? வாங்கினவர்கள் கனவான்கள். தோட்டத்தில் காகம், முயல் சுட. பாடம் பண்ணிச் சேர்க்கப் பறவை சுட. நாலு பேர் முன்னால் தடியைப் பிரித்துக் காட்டி அசத்துவதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

18 ஜூன், இரவு

ஷெர்லக் ஹோம்ஸைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். 1903-இல் வந்த கதையில், ஹோம்ஸைக் கொல்லக் கர்னல் மோரன் இருட்டு வீட்டுக்குள் தடி போன்ற ஒன்றோடு வருவான். தரையில் வைத்ததும் உலோகச் சத்தம் கேட்கும். பார்வையற்ற ஜெர்மன் மெக்கானிக் செய்து கொடுத்த காற்றுத் துப்பாக்கி, ரிவால்வர் குண்டு போடும். ஹோம்ஸைப் போலச் செய்த மெழுகுப் பொம்மையின் தலையைத் துளைத்துச் சுவரில் மோதி நசுங்கும். ரிவால்வர் குண்டு ஒன்றும் மிகையில்லை, ஜிரார்டோனி அந்த அளவு உருண்டையைத் தள்ளியிருக்கிறார். எனக்கு உறுத்துவது வேறு. அதை எங்கே நின்று பம்பு அடித்தான் மோரன்? வேர்த்து விறுவிறுத்து நூற்றுக்கணக்கில் அடித்துவிட்டு, அதற்குப் பிறகா பூனை மாதிரி உள்ளே நுழைந்தான்?

25 ஜூன்

'வாஷர்தான் வில்லன் என்றால் லூயிஸ், கிளார்க் பயணத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது?' சரியான அடி. இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: 1803-இல் கிளம்பி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பசிபிக் கரை வரை போய், 1806-இல் திரும்பிய படைக்குழு. மெரிவெதர் லூயிஸிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. பயண நாட்குறிப்பே அதோடுதான் தொடங்குகிறது. 1803 ஆகஸ்ட் 30, பிட்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பி 3 மைல்தான் போயிருக்கிறார், ஒரு தீவில் நின்று வேடிக்கை காட்டுகிறார். 55 கஜத்தில் 7 தடவை சுட்டார், நன்றாகவே போனது. அப்புறம் பழக்கமில்லாத இன்னொருவர் கையில் கொடுக்க, அது தவறுதலாக வெடித்து, 40 கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறிவிட்டது. ரத்தம் கொட்டக் கீழே விழுந்தாள். செத்தேபோனாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டாள். மூன்று வருஷப் பயணத்தின் முதல் நாள்!

போகும் வழியெல்லாம் பூர்வகுடிகளைச் சந்திக்கும்போது அதைச் சுட்டுக் காட்டியிருக்கிறார்கள். மருந்து போடாமலே குண்டு போகிறது, நின்றபாடும் இல்லை. இருப்பதோ முப்பத்துச் சொச்சம் பேர். எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்குமோ என்று எதிரே நிற்பவர் நினைத்தால் லாபம்தானே?

1805 ஜூனில் அதன் முக்கிய ஸ்பிரிங்கை மாற்றியவர் கூடவே வந்த கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ். காட்டாற்றங்கரையில் வைத்து வேலை. அந்த ஆகஸ்டில் குறிபார்க்கும் முனைகள் கழன்றுவிட, லூயிஸே சரிசெய்து மறுபடி குறி வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் வாஷர் மட்டும் வில்லன் இல்லை. ஒரு துப்பாக்கி, அக்கறையான சொந்தக்காரர், பக்கத்திலேயே கொல்லர் என்றால் அது கண்டம் தாண்டும். அதையே ஆயிரத்துச் சொச்சம் செய்து, இன்றைக்கு வந்து நாளைக்கு மாறுகிற சிப்பாய்கள் கையில் கொடுத்து, மழையிலும் சேற்றிலும் நடக்கவிட்டால் தோல் காயும், மரை கெடும், கலன் அடிபடும். மஸ்கெட் அடியைத் தாங்கும், சொட்டை விழுந்தாலும் சுடும். காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு மயிரிழைக் கசிவு போதும். கைத்தடி கனவான்களிடம் அது இன்னும் நூறு வருஷம் வாழ்ந்ததும் இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. துடைத்து, எண்ணெய் விட்டு, பெட்டிக்குள் வைக்கும் ஆட்கள்.

26 ஜூன்

அது ஜிரார்டோனி துப்பாக்கிதானா என்ற சண்டை வேறு. ஃபிலடெல்ஃபியா கைவினைஞர் ஐசையா லூக்கன்ஸ் செய்த ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி என்றுதான் வெகுகாலம் எழுதினார்கள். அவர் இறந்தபின் நடந்த ஏலப் பட்டியலில் லூயிஸ், கிளார்க் துப்பாக்கி என்று ஓர் உருப்படி இருந்தது. ஆனால் 1803 செப்டம்பரில் வழியில் லூயிஸைச் சந்தித்த தாமஸ் ராட்னி, நன்றாக இருக்கும்போது அது நிமிடத்துக்கு 22 தடவை சுடும் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியால் அது நடக்காது. நான் ராட்னி பக்கம்.

2 ஜூலை

ஒலிம்பிக் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதே வம்சம்தான். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே பிரிவு. குழலுக்குக் கீழே நீளமாக ஒரு சிலிண்டர் தெரியும் பாருங்கள், அதில் 200 பார் (காற்றழுத்த அளவு) வரை அடைத்த காற்று. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் போக ரெகுலேட்டர் உண்டு. 25-ஆவது குண்டு கீழே விழும் தொல்லை அதோடு போச்சு.

4 ஜூலை

தனித்தகவலில் விலை கேட்பவர்களுக்குப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். நான் விற்பதில்லை, விற்பவரையும் தெரியாது. இந்தியாவில் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பழைய கைத்தடிகளின் துளை அதைவிடப் பெரியது. அட்டத்தில் தாத்தா தடி கிடைத்தது என்றால் காற்றடித்துப் பார்க்காமல் முதலில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி வேண்டும். வியன்னா, லண்டன் பக்கம் இருப்பவர்கள் காட்சியகத்தில் பழைய கைப்பம்பு எதையாவது பார்த்தால், பிஸ்டன் தண்டின் விட்டத்தை அங்கிருப்பவர்களிடம் கேட்டு இங்கே போடுங்கள். என் 12.5 மில்லிமீட்டர் கணக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.